ஐந்து கோளாறு, மூன்று காரணம்

நாளை மாலை நான்கு மணிக்குள் எங்கள் வீட்டு பிரிண்டர் உயிரை விட்டாக வேண்டும். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நான் எடுத்த முடிவு இது.

எனக்கு அதன் மேல் எந்தக் கோபமும் கிடையாது. மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. ஆறு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. தினமும் தூசி துடைக்கிறேன். பக்கத்திலேயே ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். யார், எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு, என்ன கோளாறு, என்ன காரணம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறேன். ஆறு வருடத்தில் நானூற்றுப் பதினேழு பக்கம் அச்சாகியிருக்கிறது. அதில் வீணானவை இருபத்திரண்டு. 'யார்' என்ற கட்டம் எதற்கு என்று கேட்கக்கூடாது. வீட்டில் இருப்பது இரண்டே பேர்தான். இருந்தாலும் கட்டம் கட்டம்தான்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பஸ் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்து மூன்று வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். நட்டு, போல்ட்டு, வாஷர் எண்ணிக் கொடுப்பதும் எண்ணி வாங்குவதும் வேலை. அதற்குப் பேச்சு தேவையில்லை. சன்னல் வழியாகக் கை வரும், அதில் வைப்பேன். அதனால் எனக்குப் பேசிப் பழக்கமில்லாமல் போய்விட்டது. ஒரு இடத்தில் ஆறு பேர் வரைக்கும் என்னால் சமாளிக்க முடியும். ஏழாவது ஆள் வந்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். லிஃப்டில்கூட ஏழாவது ஆள் ஏறினால் நான் இறங்கிப் படியில் வந்துவிடுவேன்.

இப்படிப்பட்டவனை மேடையில் ஏற்றப் பார்த்தாள் என் மனைவி.

அவள் நர்ஸ். சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடமாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். சுற்று வட்டாரத்தில் அவளுக்கு 'வலிக்காத அக்கா' என்றுதான் பெயர். நாளையோடு ஓய்வு பெறுகிறாள்; பொறுப்பை ஒப்படைத்துவிட்டதால் இந்த இரண்டு நாளும் வேலை இல்லை. நாலு மணிக்குப் பிரிவு உபசாரம். அதில் வீட்டு ஆள் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது அங்கே வழக்கமாம்.

"நாலு வார்த்தைதாங்க" என்றாள் போன வாரம், எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டே. "முப்பத்தொரு வருஷத்துல நீங்க என்னைப் பத்தி நாலு பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை கேட்கணும்னு இருக்கு. அவ்ளோதான்."

'அவ்ளோதான்' என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயில் சோறு இருக்கும்போது மறுப்புச் சொல்ல முடியாது. விழுங்கிவிட்டு யோசித்து, ஒரு நிபந்தனை போட்டேன்.

"அச்சடிச்ச பேப்பர் கையில இருந்தா படிப்பேன். பெரிய எழுத்தா இருக்கணும். பேப்பர் இல்லாம ஒரு எழுத்து பேச மாட்டேன்."

"நான் பெருசா எழுதித் தரவா?"

"உன் எழுத்து மருந்துக் கடைக்காரருக்குத்தான் புரியும்."

"நீங்களே எழுதிக்கோங்களேன்."

"என் எழுத்து எனக்கே புரியாது."

இரண்டுமே உண்மை. ஸ்டோரில் ஒரு கட்டத்துக்குள் பதினாறு சாமான் எழுத வேண்டியிருந்ததால் என் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவள்தான். அதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சம்மதித்துவிட்டாள். ஆகவே திட்டம் எளிது. பிரிண்டர் இல்லையென்றால் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லையென்றால் பேச்சு இல்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் வீட்டில் கல்யாணம், நான்கு நாள் விடுமுறை என்று பலகை தொங்கியது. திரும்பி வரும்போது என் நடை துள்ளலாக இருந்தது.

ஒன்பதரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் பேச்சைத் தட்டி முடித்தேன். மொத்தம் ஆறு வரி.

'அனைவருக்கும் வணக்கம். என் மனைவி முப்பத்தொரு வருடம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார். அவர் எடுத்த விடுப்பு நூற்றுப் பன்னிரண்டு நாள். ஊசி போடும்போது குழந்தையை ஐந்து வரை எண்ணச் சொல்வார். மூன்றிலேயே ஊசி போய்விடும். நன்றி.'

தட்டிவிட்டு, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பிரிண்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு கார்ட்ரிட்ஜ். ஒன்று கருப்பு மை, ஒன்று கலர். கருப்பை வெளியே எடுத்தேன். அதன் முதுகில் செம்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அந்தப் புள்ளிகள் பிரிண்டரைத் தொட்டால்தான் உள்ளே கார்ட்ரிட்ஜ் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஆப்பிள் பழத்தின் மேல் சின்னதாக ஒரு வில்லை ஒட்டியிருப்பார்கள் அல்லவா? அதில் ஒன்றை உரித்துப் புள்ளிகளின் மேல் ஒட்டினேன். மூடினேன். ஆரஞ்சு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை என்று திரையில் அறிவிப்பு வந்தது.

இதில் ஒரு சிக்கல். கோளாறு வந்தால் நோட்டில் எழுத வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தை நான் என்றைக்கும் காலியாக விட்டதில்லை. பொய்யும் எழுதியதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு எறும்பு எழுத்தில் 'என்னால்' என்று எழுதி, வேர்த்துப்போய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அச்சாச்சாங்க?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"எங்கம்மா. இது கார்ட்ரிட்ஜே இல்லைங்குது. வயசாயிடுச்சு போல. பாவம். விட்டுடுவோம்."

"ஒரு ஊசி போகலைன்னா கையை வெட்டிடுவாங்களா? நகருங்க."

பிளக்கைப் பிடுங்கினாள். அறுபது வரை எண்ணச் சொன்னாள். எண்ணினேன். நான் முப்பத்தெட்டில் இருக்கும்போதே கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, என் மூக்குக்கண்ணாடித் துணியால் அதன் முதுகைத் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டாள். வில்லையைப் பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏதோ அழுக்கு ஒட்டியிருந்துச்சு. இப்ப சரி. ஆனா ஒன்னுங்க..."

"என்ன?"

"இப்படிப் பாதியில நின்னா, நீங்க அடிச்சது போயிடும். திருப்பி அடிக்கணும்."

திரையைப் பார்த்தேன், காலி. அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். டி.வி.யை அணைத்தால் படம் போய்விடுவது மாதிரி. திரும்ப உட்கார்ந்து தட்டினேன்.

"எழுத்துப் பிழை இருக்கான்னு பார்க்கணும். படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

படித்தேன். கேட்டவர் ஒருவர். பிரச்சினை இல்லை.

"லீவுக் கணக்கு எதுக்குங்க இதுல?"

"சரியான கணக்கும்மா. நூத்திப் பன்னெண்டு. நான் எழுதி வெச்சிருக்கேன்."

"எதுக்கு எடுத்த லீவுன்னும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

இருந்தது. அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். என் முதுகுவலிக்கு முப்பத்தொன்று. என் மூட்டுவலிக்கு இருபத்தாறு. என் கண் ஆபரேஷனுக்கு இருபத்தொன்று. ஆக மொத்தம் எழுபத்தெட்டு நாள், எனக்காக. உட்கார்ந்து, 'அதில் எழுபத்தெட்டு நாள் எனக்கு உடம்பு சரியில்லாதபோது எடுத்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். ஏழு வரி.

அந்த வரியைத் தட்டும்போது, பேசிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே மேடை கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் டீ போட எழுந்து போனதும் மூடியைத் திறந்து, கருப்பு கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் கொக்கியை லேசாக விடுவித்தேன். 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தியிருந்தால்தான் அது வேலை செய்யும். ஆரஞ்சு விளக்கு. நோட்டு. 'என்னால்'.

இந்த முறை அவள் எதிர்வீட்டு டைப்பிஸ்டைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அந்த அம்மாதான். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவர்.

"அண்ணே, எங்க ஆபீஸ்ல இதே மாதிரி ஒன்னு இருக்கு, தட்டினாத்தான் ஓடும், எங்க மேனேஜர் மாதிரியே" என்றபடி உள்ளே வந்தார். மனைவி மூடியைத் திறந்தாள். ஒரு விரலால் அழுத்தினாள். டிக்.

"கொக்கி விட்டிருக்கு" என்றாள் மனைவி.

"தானாவா விடும்?" என்றார் டைப்பிஸ்ட்.

"பழைய சாமான்தானேம்மா" என்றேன் நான்.

"அடிச்சது போயிருக்குமே அண்ணே. மறுபடி அடிங்க. படிங்க, நான் பிழை பார்க்கிறேன். இருபது வருஷமா அதான் என் வேலை."

தட்டினேன். படித்தேன். கேட்டவர்கள் இரண்டு பேர்.

"எல்லாம் கணக்காவே இருக்கே அண்ணே. ஆபீஸ் ஃபைல் மாதிரி. நீங்க கண்ணால பார்த்தது, மூக்கால மோந்தது ஏதாவது சொல்லுங்களேன்."

அந்த அம்மா விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. மூக்கால் மோந்தது என்ன என்று யோசித்தேன். இருந்தது. வெட்கமாக இருந்தாலும் இரண்டு வரி தட்டிவிட்டேன். 'மாலையில் வீட்டுக்கு வரும்போது அவர் விரலில் ஸ்பிரிட் வாசனை இருக்கும். அந்த வாசனை வந்த பிறகுதான் வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.'

ஒன்பது வரி. படித்து முடித்து நிமிர்ந்தபோது டைப்பிஸ்டுக்கே பேச்சு வரவில்லை. மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே எந்தப் பாத்திரமும் சத்தம் போடவில்லை.

இப்போது பேச்சு நன்றாக இருந்ததுதான் ஆபத்து. நன்றாக இருப்பதைப் படிக்காமல் விட முடியாது. கடுமையான நடவடிக்கை தேவைப்பட்டது. பழைய காலி கார்ட்ரிட்ஜ்களை நான் எறிவதில்லை. எண் போட்டு இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஏழு இருக்கின்றன. மதியம் அவள் பால்கனியில் துணி எடுக்கும்போது, நல்ல கருப்பை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாம் எண் காலியை உள்ளே போட்டேன். நல்லதை அப்படியே எறிய மனம் வரவில்லை. மை காய்ந்துவிடாமல் ஈரத் துணியில் சுற்றி, என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினேன். நோட்டு. 'என்னால்'. மூன்றாவது முறை வேர்க்கவில்லை. கெட்ட பழக்கம் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது பாருங்கள்.

அச்சு எடுத்தாள். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வெளியே வந்தது.

மூடியைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, அஞ்சாம் நம்பர் எப்படிங்க உள்ள வந்துச்சு?"

"தெரியலையே."

"ஏழும் இழுப்பறையில இருந்துச்சே."

"எண்ணிப் பார்க்கணும்."

"பிரிண்டரே எந்திரிச்சுப் போய் மாத்திக்கிச்சு போல."

"இந்தக் காலத்து மெஷினும்மா..."

"சரி, உங்க கண்ணாடியைக் கழட்டுங்க, துடைச்சுத் தரேன். கண்ணாடிக் கூடு எங்க?"

நான் எழுந்திருப்பதற்குள் மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். கூட்டைத் திறந்தாள். பார்த்தாள். "அட, இங்க இருக்கு. நல்லாப் பத்திரமா வெச்சிருக்கீங்க. மறதியில வெச்சிட்டீங்க போல" என்று அமைதியாக எடுத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரம் அந்த அறையில் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருடமாக ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பழகிய முகம் அது.

"அடிச்சது போச்சுங்க. சாயந்திரம் அடிச்சுக்கலாம்" என்றாள்.

சாயந்திரம் அடித்தேன். இந்த முறை படிப்பதைக் கேட்க டைப்பிஸ்ட் தன் மாமியாரையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெரியம்மாவுக்குக் காது மந்தம்.

"என்ன தம்பி முணுமுணுக்கறே? சத்தமாப் படி!"

"அனைவருக்கும் வணக்கம்!"

"யாருக்கு?"

"அனைவருக்கும்!"

"அப்படிச் சொல்லு."

ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாக, சுவரில் மோதித் திரும்பும் அளவுக்குக் கத்த வேண்டியிருந்தது. கேட்டவர்கள் மூன்று பேர். அவ்வளவு கஷ்டப்பட்டும் அச்சு எடுக்கப் போனால், மறுபடியும் ஆரஞ்சு விளக்கு!

இது எனக்கே ஆச்சரியம். நான் அதைத் தொடவே இல்லை. மூடி திறந்திருக்கிறது என்று திரையில் வந்தது. மூடி மூடித்தான் இருந்தது. மனைவியும் டைப்பிஸ்டும் உதட்டைப் பிதுக்கினார்கள். என் பிரார்த்தனைக்கு மெஷினே மனம் இரங்கிவிட்டது என்று நினைத்தேன். நோட்டில் கோளாறை எழுதினேன். 'காரணம்' கட்டத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மறுநாள் காலை மனைவி எங்கேயோ விரலை விட்டு மூடியைச் சரி செய்தாள். மறுபடி தட்டினேன். இப்போது எழுத்துகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகப் போனது. படிக்கும்போது எங்கள் லிஃப்ட் நின்றிருந்ததால், பழுது பார்க்க வந்த மெக்கானிக்குகள் மூன்று பேர் தண்ணீர் கேட்டு வந்தார்கள். மனைவி உட்காரச் சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், எங்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து வந்த தபால்காரர், டைப்பிஸ்ட், பெரியம்மா.

"பிழை பார்க்கிறோம். நீங்களும் கேளுங்க" என்றார் டைப்பிஸ்ட் பொதுவாக.

படித்தேன். மனைவியோடு சேர்த்து எட்டுப் பேர். எண்ணினேன். எண்ணாமல் இருப்பேனா? நோட்டிலும் எழுதினேன். ஆனால் எண்ணினேனே தவிர அதைப் பற்றி யோசிக்கவில்லை. என் மூளை முழுக்க நான்காவது கோளாறில் இருந்தது. அது எப்படி வந்தது? படிக்கும்போதே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர்காரர் கைதட்டியபோதுதான் படித்து முடித்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

அச்சு எடுத்தாள். பிரிண்டர் மூச்சே விடவில்லை. விளக்குகூட இல்லை. ஐந்தாவது கோளாறு. காரணம் மறுபடியும் கேள்விக்குறி.

நான் செய்தது மூன்று. நடந்தது ஐந்து. முப்பத்து மூன்று வருடத்தில் என் ஸ்டோரில் ஒரு வாஷர்கூட அதிகமானதில்லை. இரண்டு கோளாறு எங்கிருந்து அதிகமாக வந்தது? தலை சுற்றியது. ஆனாலும் மூன்று மணி ஆகிவிட்டது, பேப்பர் வரவில்லை, தப்பித்தேன் என்ற நிம்மதி பெரிதாக இருந்தது. சட்டை மாட்டிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ரொம்ப ஆசைப்பட்டேம்மா. இந்தப் பாழாப்போன பிரிண்டர்..."

"இந்தாங்க" என்று மடித்த தாள் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாள். "கடைசி நேரத்துல சரியாயிடுச்சு. பெரிய எழுத்து. மேடையில போய்ப் பிரிங்க, கசங்கிடும்."

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

சுகாதார நிலையக் கூடத்தில் ஏழு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு நாற்காலி. எண்பத்து நான்கு. ஒன்றும் காலி இல்லை. சுவரோரம் வேறு நின்றார்கள். நிற்பவர்களை நான் எண்ணவில்லை, தைரியம் இல்லை. பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். படி மூன்று. ஏறினேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று தாளைப் பிரித்தேன்.

'அனைவருக்கும் வணக்கம்.' கட்டை கட்டையாக, அழகாக, கன்னங்கரேலென்று அச்சாகியிருந்தது.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெள்ளை.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் வெள்ளை. மை தீர்ந்துவிட்டது! மற்ற எட்டு வரியும் வரவில்லை! இறங்கிவிடலாம் என்று படியைப் பார்த்தேன். முதல் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் வைத்திருந்த கையை மெல்ல உயர்த்தி, கட்டை விரலை நீட்டினாள். பிறகு ஆட்காட்டி விரல். ஒன்று. இரண்டு. எண்ணச் சொல்கிறாள்.

எண்ணுவது எனக்குப் பழக்கம். முதல் வரியைச் சொன்னேன். ஒன்று. வாய் தானாக இரண்டாம் வரியைச் சொன்னது. ஒலிபெருக்கி இருந்தும் பெரியம்மாவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். 'மூன்றிலேயே ஊசி போய்விடும்' என்றபோது கூடமே சிரித்தது. அதில் பாதிப் பேர் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். எழுபத்தெட்டு நாள் கணக்கைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஸ்பிரிட் வாசனையைச் சொன்னேன். அத்தோடு நன்றி சொல்லி இறங்க வேண்டும். ஆனால் வாய் நிற்கவில்லை.

"நாளையிலேர்ந்து அந்த வாசனை வராது. அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. நன்றி."

எழுதியது ஒன்பது வரி. பேசியது அதற்கு மேல். கைதட்டல் எவ்வளவு நேரம் என்று எண்ணத் தவறிவிட்டேன். என் மனைவி கூரையில் சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவே இல்லை.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"முதல் வரியோட மை தீர்ந்துபோச்சும்மா" என்றேன் மெதுவாக. "பேப்பரே இல்லாம பேசிட்டேன்."

"அப்படியா?" என்றாள். என் கை மேல் கையை வைத்தாள். "வலிச்சுதா?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டை எடுத்தேன். தீர்ந்த மையை எழுத வேண்டும் அல்லவா? பக்கத்தைத் திருப்பியதும் என் ஆப்பிள் வில்லை கண்ணில் பட்டது. முதல் கோளாறுக்கு நேராக, கசங்காமல் ஒட்டியிருந்தது. எறும்பு எழுத்தில் நான் எழுதிய மூன்று 'என்னால்' பக்கத்திலும் ஒரு சரி அடையாளமும் ஒரு கையெழுத்தும் இருந்தன. நோயாளிக்கு மருந்து கொடுத்ததும் நர்ஸ்கள் போடுகிற சின்னக் கையெழுத்து. நேரமும் போட்டிருந்தாள். மூன்றும் நான் எழுதிய பத்து நிமிடத்துக்குள்.

மூன்றாவது கோளாறுக்குக் கீழே எழுதியிருந்தாள். மருந்துக் கடைக்காரர் தேவைப்படவில்லை. நான் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி பெரிய பெரிய எழுத்து. 'பிரிண்டர் சரியாகிவிட்டது. ஒன்பது வரியும் அச்சாகிவிட்டது. தேவைப்பட்டால் கொடுக்க என் கைப்பையில் இருக்கிறது.'

மூன்றிலேயே!

நான்காவது, ஐந்தாவது கோளாறுகளுக்கு நேரே என் இரண்டு கேள்விக்குறிகளும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் அதே பெரிய எழுத்தில், இரண்டு தடவை: 'என்னால்.'

கணக்கு சரியாகிவிட்டது. அந்த அளவில் எனக்கு நிம்மதி. நோட்டை மூடப் போனேன். பக்கத்தின் அடியில், குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் எழுதுவது மாதிரியே, ஒரு வரி இருந்தது.

'அடுத்த ஊசி: இருபதாம் தேதி, காலை பத்து மணி. குடியிருப்போர் சங்க ஆண்டுக் கூட்டம். வரவேற்புரை.'